புல்லுக்கு ஒரு கிராப்பு

கட்டினால் அந்தத் தோட்டக்காரனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் சலூன்காரர் அரை நாள் கடையடைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பையன் வேலை செய்யும் பூங்காவுக்கே வந்துவிட்டார். ஆள் கோபக்காரனா, பொறுமைசாலியா? அது தெரியாமல் சம்மதம் சொல்வதாக இல்லை.

இலையுதிர் காலம். சாமந்தி மட்டும் மஞ்சளும் அரக்குமாகப் பூங்காவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நடுவே ஆளுயரத்துக்கு அலங்காரப் புல். வெயில் பட்ட கதிர்கள் பொன்னாகவும் நிழலில் நின்றவை சாம்பலாகவும் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. அழகுதான், அதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதே புல்லில் பாதையோரப் புதர் ஒன்று, சீப்பைக் கண்டு பல மாதம் ஆன தலை மாதிரி கண்டபடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அவருக்குக் கை பரபரத்தது.

வந்தவர்களுக்காகத் தோட்டக்காரன் டீ வாங்கப் போனான். மகளும் கூடவே ஓடினாள். சலூன்காரரின் சட்டைப் பையில் கத்தரிக்கோல் இருந்தது. அது இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை. பையனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தவர், புதரை ஒட்ட வெட்டிவிட்டார்.

டீயோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயோ அப்பா! என்ன காரியம் பண்ணிட்டீங்க?" மகள் தலையில் கைவைத்தாள். "குளிர் முடியுற வரைக்கும் இதை வெட்டவே கூடாது. மேல காஞ்சு நிக்கிறதுதான் வேருக்குப் போர்வை. குருவிங்களுக்குத் தீனியும் அதுலதான்!"

சலூன்காரருக்கு முகம் சுண்டிப்போனது. எரிந்து விழப்போகிறான், கல்யாணப் பேச்சு இதோடு சரி என்று நினைத்தார். அவனோ டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, சருகுகளை வாரி வந்து மொட்டைப் புதரின்மேல் மெத்தென்று போர்த்தினான்.

"ரொம்ப சீரா வெட்டியிருக்கீங்க சார்," என்றான். பேச்சில் குத்தலே இல்லை.

அதற்குள் பூங்கா மேற்பார்வையாளர் வந்துவிட்டார். "யாருய்யா இதை வெட்டுனது?"

"நான்தான் சார். தெரியாம கை வெச்சுட்டேன்," என்றான் தோட்டக்காரன்.

"உனக்கே தெரியாதா? இத்தனை வருஷமா இங்க என்னத்தப் புடுங்குன?"

அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். சலூன்காரருக்கு இப்படி ஒரு பிள்ளையையா சந்தேகப்பட்டோம் என்றிருந்தது. டீயை மகளிடம் நீட்டிவிட்டு முன்னால் வந்தார்.

"அவரைத் திட்டாதீங்க. வெட்டுனது நான்."

"நீங்க யாருங்க?"

"இவரோட மாமனார்," என்றார் சலூன்காரர்.