கடைசிப் பத்தி

அக்கா பல் விளக்கி முடிக்கும் முன்பே தங்கை பத்திரிகையோடு குளியலறை வாசலில் வந்து நின்றாள். 'கிடங்கு ஊழியர் பொய் அம்பலம்' என்பது எட்டாம் பக்கத் தலைப்பு.

"பேர் போடலைன்னா எனக்குத் தெரியாதா? இது அவர்தான்க்கா. அவர் வேலை பார்க்கிற கிடங்குல மருந்துப் பெட்டி காணாமப் போனதுக்கு, பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல கையில ஒயர் மாட்டி விசாரிச்சாங்களாம், நேத்துதான் சொன்னார். 'மெஷின்ல ஒண்ணும் தெளிவாத் தெரியலைன்னுட்டாங்க'ன்னார். இங்க என்ன போட்டிருக்கு பார். அடுத்த மாசம் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு என்கிட்டயே பொய் சொல்றார்."

அக்காவுக்கு வாயில் பற்பசை கசந்தது. அந்தப் பத்திரிகையில் அவள் உதவி ஆசிரியை. நேற்று மதியம் எட்டாம் பக்கத்தை முடித்ததே அவள்தான். நிருபர் எந்தக் கிடங்கு என்று எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. செய்தி நீண்டால் வாலிலிருந்து வெட்டுவது அங்கே வழக்கம். முக்கியமானது முதலில் இருக்கும் என்ற நம்பிக்கைதான். பிறகு, 'சில பதில்களில் சந்தேகம்' என்று மிச்சமிருந்ததைப் படித்து அதற்கேற்றபடி தலைப்பு வைத்தாள்.

எதை வெட்டினோம் என்பது வரிக்கு வரி நினைவுக்கு வந்தது. 'மூன்று கேள்விகளில் கோடு ஏறியது. பயந்தவருக்கும் அப்படி ஏறும். இதை வைத்துப் பொய் என்றோ மெய் என்றோ சொல்ல இயலாது என்றார் சோதனை செய்த நிபுணர்.'

பத்திரிகையில் வருவதை எல்லாம் நம்பாதே என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"அவர் பொய் சொல்லலைடி. தெளிவா இல்லைன்னுதான் கடைசிப் பத்தியில இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். தலைப்பும் நான் வெச்சதுதான்."

தங்கை அவளையே பார்த்தாள். "எத்தனை வரி?"

"ஆறு."

"ஆறு வரிக்கு இடமில்லையா உங்க பேப்பர்ல?"

"மிக்ஸி விளம்பரம் ஒண்ணு வந்துடுச்சு."

"நல்ல மிக்ஸிதான் போ."

அக்கா செய்தி ஆசிரியரைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"உனக்குச் சொந்தமாம்மா அந்த ஆள்?"

"தங்கச்சிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை சார்."

"அப்போ திருத்தத்தை நீ தொடாதே. வேற ஆள் எழுதட்டும். நாளைக்கு அதே பக்கம், ஆறு வரியும் வரும். நீ எனக்கு விளக்கம் எழுதிக் குடு."

"சரி சார்."

அவள் திரும்பியபோது தங்கை தன் போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவளுக்கும் அவர் குரல் கேட்டது.

"நீங்க சொன்னது நிஜம்தான். அக்கா இப்போதான் சொன்னா."

அவர் கேட்டார்.

"அக்கா சொன்ன பிறகுதான் நம்பினியா?"

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்றே அக்கா நினைத்தாள். தங்கை பத்திரிகையை நான்காக மடித்தாள்.

"ஆமா," என்றாள்.

"சரி. சாயந்திரம் வரேன். உட்கார்ந்து பேசலாம்," என்றார் அவர்.