குறுக்குக் கோடு

பள்ளிக்கூடத்துக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று என் கணவர் குபாத் சொன்னபோதே எனக்கு உறுத்தியது. வீட்டில் குழாய் ஒரு மாதமாக ஒழுகுவது கண்ணில் படாத மனிதர் அவர். பள்ளிக்கூடத்தின் கழிப்பறைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்றால் யார் உள்ளே விட்டார்கள், எப்போது போனார், என்னை ஏன் கூப்பிடவில்லை? கேட்டேன். சந்தைக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தாராம். சந்தை ஒரு திசையில் இருக்கிறது, அந்தக் கசாக் பள்ளி அதற்கு நேர் எதிர்த் திசையில்.

இரண்டே வருடம் என்று சொல்லித்தான் என்னைக் கிர்கிஸ்தானில் எங்கள் ஊரான நரினிலிருந்து கசாக்ஸ்தானின் அல்மாட்டிக்கு அழைத்து வந்தார். ஊரில் எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரைதான் பாக்கி. அவர் சந்தையில் செருப்பு விற்பது, நான் தையல் பட்டறைக்குப் போவது, கூரைக்குச் சேர்ந்ததும் திரும்பிவிடுவது, இதுதான் பேச்சு. இது நாலாவது வருடம். மகள் ஜில்திஸுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு. பட்டறையில் இருக்கும் கிர்கிஸ் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளை ரஷ்யன் பள்ளியில்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், உண்மைதான். ஆனால் எந்த வகுப்பில் விட்டுவிட்டு ஊருக்குப் போனாலும் அங்கே ரஷ்ய மொழியில் தொடரலாம். கசாக் மொழியில் படித்தவள் நரினில் எந்தப் பள்ளிக்குப் போவாள்? ஆக, கசாக் பள்ளி என்றால் இங்கேயே இருக்கப் போகிறோம் என்று அர்த்தம். அதை வாய்விட்டுச் சொல்லாமல் கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறார்.

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் பட்டது. ‘நல்லது’ என்பதற்கு நாங்கள் ஜக்ஷி என்போம், இங்கே ஜக்ஸி. ஒருநாள் போனில் அவர் மூன்று முறை ஜக்ஸி என்றார். எதிர்முனையில் இருந்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. வீட்டுக்காரம்மா ஷோல்பான் அக்கா வேறு, வெறுங்கையோடு வருவதே இல்லை. பொரித்த மாவு உருண்டைகளை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நடந்துபோகிற தூரத்தில் பள்ளி இருக்கும்போது குழந்தையை ஏன் பஸ்ஸில் அலைக்கழிக்கிறாய் என்பார். மொழி வேறாயிற்றே என்றேன்.

“என்ன வேறு? உன் பாஷையும் என் பாஷையும் ஒரே வயித்துப் பிள்ளைங்கதான். உங்களோடது மலையேறி மூச்சு வாங்குது, அவ்வளவுதான்.”

சிரித்தேன். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் போட்டவர்கள் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரியாதா என்ன. அன்று அந்த உருண்டைகளை நான் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குபாத் முலாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஜில்திஸ் அப்பா, நாம ஊருக்குப் போறோமா இல்லையா?”

“பள்ளிக்கூடத்தைப் பத்தித்தானே பேசிட்டிருந்தோம்.”

“நானும் அதைத்தான் கேக்கறேன்.”

அவர் கத்தியைத் துடைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு ரொட்டி வாங்கி வரச் சொன்னார். அவள் குதித்துக்கொண்டு ஓடினாள். தெருமுனை ரொட்டிக் கடையின் பெயரும் அவள் பெயரும் ஒன்றுதான், நட்சத்திரம். எங்கள் மொழியில் ஜில்திஸ், கடைப் பலகையில் கசாக்கில் ஜுல்திஸ். அது தன்னுடைய கடை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

மறுநாள் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது அவருடைய சட்டைகளுக்கு அடியில் அந்த விண்ணப்பம் கிடைத்தது. கசாக் பள்ளியினுடையது. பேனாவால் எழுதும் முன் பென்சிலால் நிரப்பிப் பார்த்திருக்கிறார். பெயர் இருந்த இடத்தில் ஜுல்திஸ் என்று இருந்தது. அந்த ‘ஜு’வில் உகரத்துக்காக வருகிற கசாக் எழுத்து எங்களிடம் கிடையாது. ஒரு கவட்டை, அதன் குறுக்கே தாழ்ப்பாள் போட்டதுபோல ஒரு கோடு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பள்ளியை முடிவு செய்தது போதாதென்று நான் பெற்ற பிள்ளையின் பெயரையே மாற்றிவிட்டார். சண்டை போடவில்லை. வீட்டில் கேட்டால் முலாம்பழம் நறுக்குவார். நாளைக்கு மூன்று பேருமாகப் பள்ளிக்குப் போய் வரலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது.

பள்ளி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி நான் நீட்டிய சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் ஜில்திஸ், இன்னொன்றில் ஜுல்திஸ், எது சரி என்று கேட்டாள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தாளை வாங்கி, முதல்முறை பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

“நான் இப்படி எழுதலையே.”

“கையெழுத்து உங்களோடது. குறுக்குக் கோடு மட்டும் ஊரான் போட்டதா?” என்றேன்.

“நான்தான் போட்டேன்,” என்றாள் மகள். “அப்பா தப்பா எழுதியிருந்தாரு. அழிச்சிட்டுச் சரியா எழுதினேன். ரொட்டிக் கடைப் பலகையில பாருங்க, இப்படித்தான் இருக்கு.”

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரப்பர் தேய்த்த அழுக்குக்கு அடியில் எங்கள் எழுத்து மங்கலாகத் தெரிந்தது, அவருடைய வலப்பக்கச் சாய்வோடு. ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இத்தனை நாளும் நான் இவருடைய போனையும் சட்டையையும் ஷோல்பான் அக்காவின் தட்டையும் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரி சிரித்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை நீட்டினாள். சான்றிதழ்படி எழுதுவதானால் எழுதலாம், பெயரை மாற்றிக்கொள்வதானால் அதற்குத் தனியாக மனு உண்டு, எப்படியானாலும் பேனாவால் எழுதுங்கள் என்றாள். குபாத் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“நீயே எழுது. வேண்டாம்னா எழுந்திரு, ரஷ்யன் பள்ளிக்கே போயிடலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று அவர் முகத்தைத் தேடினேன். ஒன்றும் இல்லை. களைப்புதான் இருந்தது. பேனாவை எடுத்தேன். மகள் மேஜை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். முதல் எழுத்தான ‘ஜ’ இரண்டு மொழிக்கும் ஒன்றுதான், அதை எழுதிவிட்டேன். அவளுடைய மூச்சு என் விரலில் பட்டது.

“நடுவுல கோட்டை மறந்துடாதே, அம்மா,” என்று என் காதோடு சொன்னாள். கசாக்கில் சொன்னாள்.