கேட்காமல் நடந்த வழி

"மொதல் மொதல்ல அந்தத் தோப்பு வழியா நடந்தப்போ, சதாசிவத்துகிட்ட கேட்டீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"எதுக்கு சார் கேக்கணும்? சிநேகிதக்காரன். நான் வூடு கட்டறப்போ, மொதல் கல்லு வண்டிய அவன் மாட்டைப் பூட்டி அவனேதான் ஓட்டினு வந்தான்" என்றார் திருவேங்கடம்.

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். "ஐயையோ, அதை மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்க."

"எத்த சார்?"

"சிநேகிதத்தை. சிநேகிதம்னு சொன்னா அவர் சம்மதத்தோட நடந்தீங்கன்னு ஆயிடும். சம்மதத்தோட நடந்தா அது வெறும் சலுகை. நெனச்சா நாளைக்கே நிறுத்திடுவார். கேக்காம, ஒளியாம, அடிதடி இல்லாம, இருபது வருஷம் விடாம நடந்திருந்தாத்தான் அது பாத்தியதை. அப்புறம் அவர் என்ன, அந்தத் தோப்பை நாளைக்கு வாங்கறவன்கூட உங்களைத் தடுக்க முடியாது."

"அப்ப நான் இன்னா சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நடங்க. கேக்காதீங்க. அந்த வீட்டுல எதையுமே கேக்காதீங்க."

இது நடந்து ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. ஜானகிராமனுக்கு இன்னும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அன்று செங்கல்பட்டில் அந்த வக்கீல் அறையின் ஆடும் பெஞ்சில், பத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா பக்கத்தில் அவன்தான் உட்கார்ந்திருந்தான். 'எதையுமே' என்ற சொல்லுக்குள் சதாசிவத்தின் மகள் அம்சாவும் அடக்கம் என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அவனுக்கு உறைத்தது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, அந்த இடத்தில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தவை இரண்டே நிலங்கள். சாலையோரமாகச் சதாசிவத்தின் தென்னந்தோப்பும் வீடும். அதற்குப் பின்னால், கடல் பக்கமாக, திருவேங்கடத்தின் சவுக்குத் தோப்பும் வீடும். பின்னால் இருப்பவர் சாலைக்கு வர வேண்டுமென்றால் முன்னால் இருப்பவரின் தோப்புக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில்தான் வர வேண்டும். 1956 பங்குனியில் திருவேங்கடம் நிலத்தை வாங்கியபோதே பத்திரம் எழுதியவர் தலையில் அடித்துக்கொண்டார். "வழிக்குத் தனியா சதாசிவத்துகிட்ட எழுதி வாங்கிக்குங்க" என்றார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த சதாசிவத்துக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"எங்களுக்குள்ள இன்னாய்யா பத்திரம்?"

அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு இருவரும் ஓட்டலுக்குப் போய்ப் பூரி கிழங்கு சாப்பிட்டார்கள். பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதப்பட்டது: கிழக்கே கடல், மேற்கே சதாசிவத்தின் தோப்பு, இன்னும் இரண்டு. நடந்து போக வழி மட்டும் எழுதப்படவில்லை. நிலம் சட்டப்படி திருவேங்கடத்துக்குச் சொந்தமாயிற்று. அங்கே போய்ச் சேர ஒரு பறவைக்கு மட்டும்தான் சட்டப்படி உரிமை இருந்தது.

பதினான்கு வருடம் இதை யாரும் கவனிக்கவில்லை. பிறகுதான் கடலுக்கு விலை வந்தது. அதுவரை கடல் என்றால் அது பூட்டைத் துருப்பிடிக்க வைக்கும் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் வந்து நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பணம் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும், ஓட்டல் கட்ட இடம் தேடித் தரகர்கள் வந்தார்கள். ஒருவர் சவுக்குத் தோப்பைச் சுற்றிப் பார்த்து, காற்றை ஒரு முறை நன்றாக இழுத்துவிட்டு, "இடம் அருமைங்க. ரோடு பத்திரத்துல கீதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். திருவேங்கடம் நிலத்தை விற்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர் தூக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுவாரம் வக்கீலிடம் போனார்.

அவர் வக்கீலிடம் போன செய்தி மீன் கூடையோடு சதாசிவத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மீன் விற்கும் ஆதியம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சதாசிவம், "என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே" என்றார். இதையும் ஆதியம்மாள் கூடையில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தாள். ஆனால் அதற்குள் சதாசிவமும் கோபத்தோடு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறியிருந்தார். அவருக்குக் கிடைத்த வக்கீல் அதே தெருவில் எதிர் மாடி.

எதிர் மாடி வக்கீல் சொன்னது இன்னும் சுலபம். "தடுக்காதீங்க. தடுத்தா கேஸ் போடுவாங்க. அனுமதி குடுங்க. தினமும் குடுங்க. நாலு பேர் காதுல விழற மாதிரி குடுங்க. அனுமதியோட நடந்தவனுக்கு எந்த ஜென்மத்துலயும் பாத்தியதை வராது."

அன்றுமுதல் அந்தத் தோப்பில் தினமும் காலையில் ஒரு பூஜை நடந்தது.

சதாசிவம் கயிற்றுக் கட்டிலைப் பாதையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். திருவேங்கடம் தோளில் துண்டும் கையில் குடையுமாக வருவார். ஒளிந்து போனதாகச் சட்டம் சொல்லிவிடக் கூடாதே என்று பத்தடிக்கு ஒருமுறை இருமுவார். அவருக்குப் பின்னால், ஆபீசுக்குப் போகும் ஜானகிராமன்.

"போங்க, போங்க! என் அனுமதியோட தாராளமா போங்க!" என்பார் சதாசிவம், தென்னைமரங்களைப் பார்த்து.

"எவன்டா கேட்டான் இவன் அனுமதிய? நம்ம வழியில நாம போய்கினு கீறோம்" என்பார் திருவேங்கடம், மகனைப் பார்த்து.

"கேக்காமலே குடுக்கற மனசுய்யா எனக்கு!"

"எனக்குக் காது கேக்கலடா ஜானகி. ஏதாவது சத்தம் கேட்டுதா உனக்கு?"

கொஞ்ச நாளில் திருவேங்கடம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டே வர ஆரம்பித்தார். காதில் விழாத அனுமதி அனுமதியே ஆகாது என்பது அவர் தாமாகக் கண்டுபிடித்த சட்டம்.

கேட்கக் கூடாது என்ற விதி வழியோடு நிற்கவில்லை. ஒருநாள் உறை மோர் கெட்டுப்போய், ஜானகிராமனின் அம்மா சின்னப்பொண்ணு கிண்ணத்தோடு வேலிவரை போய்விட்டாள். திருவேங்கடம் ஓடிப்போய்த் தடுத்தார். "இன்னிக்கு மோர் கேப்ப, நாளைக்கு அவன் வக்கீல், 'இவங்க எல்லாத்தையும் கேட்டு வாங்கற குடும்பம்'னு கோர்ட்டுல சொல்லுவான்!" அன்று பால் பாலாகவே இருந்தது.

மின்சாரம்தான் பெரிய வேடிக்கை. ஜானகிராமனுக்குச் செங்கல்பட்டு மின்சார ஆபீசில் கணக்கர் வேலை. ஊருக்கெல்லாம் விளக்கெரிவதைக் கணக்கெழுதுகிறவன் வீட்டில் சிம்னி விளக்கு. கம்பி வர வேண்டுமென்றால் தென்னந்தோப்பில் இரண்டு கம்பம் நட வேண்டும். அதற்குச் சதாசிவத்தின் சம்மதக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் கேட்க வேண்டும். ஆகவே சிம்னி.

சதாசிவத்தின் பம்புசெட்டைக் காலையில் போடுவது அம்சாவின் வேலை. கொட்டகை பாதையின் வளைவில் இருந்தது. அப்பா முன்னால் இருமிக்கொண்டு போய்விடுவார். ஜானகிராமனுக்கு மட்டும் அந்த வளைவில் செருப்பு வார் அறுந்துவிடும். ஆறு வருடமாக அறுந்துகொண்டே இருந்த வார்.

"வாங்க உரிமைக்காரரே" என்பாள் அம்சா. "நேத்து ராத்திரி எங்க வூட்டு டியூப் லைட்டு வெளிச்சம் உங்க சவுக்குத் தோப்புல விழுந்திச்சு. அதுக்கு நாங்க அனுமதி வாங்கணுமா?"

"இருபது வருசம் விடாம விழுந்தா வாங்க வேணாம்."

அவள் சிரிப்பாள். அவன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே சிரிப்பான். அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான்.

1976 தை பிறந்து ஒரு திங்கட்கிழமை, அவள் சிரிக்கவில்லை.

"வர வெள்ளிக்கெழம படாளத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. பையனுக்கு லாரி ஓடுது. எங்கப்பாவுக்குப் புடிச்சிருக்கு."

"உனக்கு?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? கேக்கறதுதான் உங்க குடும்பத்துக்கு ஆவாதே."

"பங்குனி வரைக்கும் பொறுத்துக்கோ அம்சா. பங்குனியோட இருபது வருசம் முடியுது. அப்புறம் நைனாவே வந்து..."

"இன்னா நெனச்சுகினு கீறீங்க?" அவள் பம்பை நிறுத்திவிட்டாள். திடீரென்று தோப்பே அவர்கள் பேச்சைக் கேட்பதுபோல் அமைதியாகிவிட்டது. "தெனம் என்னைத் தாண்டி நடந்துகினே இருந்தா இருபது வருசத்துல நான் தானா உங்களுக்குச் சொந்தமாயிடுவேன்னு அந்த வக்கீல் சொன்னாரா? வழிக்குத்தான் அந்தச் சட்டம். பொண்ணுக்கு இல்ல. பொண்ணை வாயைத் திறந்து கேக்கணும்."

"உங்கப்பா குடுப்பாரா?"

"எங்கப்பா தெனம் கட்டிலைப் போட்டுகினு கத்தறாரே, அது வழிக்காகன்னா நெனச்சீங்க? யாராவது ஒரு நாள் நின்னு ஒரு வார்த்தை கேப்பாங்களான்னு பாத்துகினு கீறாரு."

அன்றிரவே ஜானகிராமன் அப்பாவிடம் பேசினான். திருவேங்கடம் காதிலிருந்து பஞ்சை எடுத்து, கேட்டு, மறுபடி வைத்துக்கொள்ளப் பார்த்தார். சின்னப்பொண்ணு அந்தப் பஞ்சைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"எனக்கு அந்தப் பொண்ணு மேல என்னடா கோவம்?" என்றார் அவர், பரிதாபமாக. "தூக்கி வளத்த கொழந்தை. ஆனா அந்த வூட்டு வாசல்ல போய் நின்னு ஒண்ணைக் கேட்டேன்னு வை, கேட்டவன் கேட்டவன்தான்! ரெண்டு மாசம். ரெண்டே மாசம்டா. நான் செத்தா என் பொணம் போறதுக்காவது ஒரு வழி வேணுமா வேணாமா? உன் புள்ளைங்க கடலை நீந்தியா பள்ளிக்கூடம் போவும்?"

"புள்ளைங்க வரணும்னா மொதல்ல பொண்ணு வரணும்" என்றாள் சின்னப்பொண்ணு.

திருவேங்கடம் மறுநாளே வக்கீலிடம் போனார். பெண் கேட்பது அனுமதி கேட்பதில் அடங்குமா என்பது வக்கீலுக்கும் புதிய கேள்வி. மூன்று புத்தகங்களைப் புரட்டிவிட்டு, சங்கடம் வராதபடி ஒரு கடிதம் தயார் செய்து கொடுத்தார். திருவேங்கடம் அதைச் சிம்னி வெளிச்சத்தில் பெருமையோடு படித்தார்:

"'எமது கட்சிக்காரரின் வழிநடைப் பாத்தியதைக்கு எவ்விதப் பாதகமுமின்றி, மேற்படி பாத்தியதையைத் தாங்கள் ஆட்சேபிக்கவில்லை என்ற நம்பிக்கையின் பேரில், தங்கள் குமாரத்தி செல்வி அம்சாவை எமது கட்சிக்காரரின் குமாரனுக்கு...' இதுக்குப் பேரு வித்தவுட் பிரஜுடிஸ். கேட்டாலும் கேட்டதா ஆவாது. ரிஜிஸ்தர் தபால்ல போவும். அவன் கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

"பொண்ணு கேக்க வெத்தல பாக்குத் தட்டு எடுத்துனு போவாங்க" என்றாள் சின்னப்பொண்ணு. "நோட்டீசு விட்டு எடுக்கறதுக்கு அவ என்ன ஜப்தி பண்ற அண்டாவா?"

ஜானகிராமன் கடிதத்தை வாங்கி மடித்தான். தபாலாபீசில் ரிஜிஸ்தர் போட்டுவிடுகிறேன் என்று சொன்னான். போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தோப்புப் பாதை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. சதாசிவம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படாளத்துக்காரர்கள் பதினோரு மணி பஸ்ஸில் வருகிறார்கள். பம்பு ஓடவில்லை, ஆனால் கொட்டகைக் கதவு கொஞ்சம் திறந்திருந்ததை ஜானகிராமன் பார்த்தான்.

திருவேங்கடம் இருமினார்.

"போங்க, போங்க! என் அனுமதியோட போங்க!" என்றார் சதாசிவம். சலவைச் சட்டையில் அந்தக் குரல் கொஞ்சம் களைத்துத் தெரிந்தது.

"எவன்டா கேட்டான்..." என்று ஆரம்பித்த திருவேங்கடம், பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டதைக் கண்டு திரும்பினார்.

ஜானகிராமன் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். செருப்பு வார் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஆறு வருடமாக வாயில் வராத ஒரு சொல் வெளியே வந்தது.

"மாமா."

சதாசிவம் நிமிர்ந்து பார்த்தார்.

"நடடா!" என்றார் திருவேங்கடம். "நிக்காத, நட!"

"மாமா, இது உங்க தோப்பு. நாங்க இது வழியா போவலாமா?"

குடை கீழே விழுந்தது. பத்தொன்பது வருடத்தையும் பத்து மாதத்தையும் மகன் ஒரே மூச்சில் ஊதி அணைத்துவிட்டதைப் பார்த்த திருவேங்கடம், பக்கத்துத் தென்னையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சதாசிவத்துக்கோ, தினமும் கொடுத்துக்கொண்டிருந்த அனுமதி இன்று வாயில் வரவில்லை. கேட்காதபோது தென்னைமரங்களுக்குக் கேட்கும்படி கொடுத்தவர், கேட்டதும் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"போவலாமான்னா கேக்கற? மொத கல்லு வண்டிய ஓட்டினு வந்தது யார்றா?" என்றார் கடைசியில். உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "கேட்டியாய்யா? ஒரு வார்த்தை! இதுக்கா ஆறு வருசம்?" என்று கத்தினார். பிறகு ஜானகிராமனிடம் திரும்பி, "வழி மட்டும்தான் கேக்க வந்தியா? இல்ல..." என்று இழுத்தார்.

கொட்டகைக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"டேய்!" தென்னையடியிலிருந்து திருவேங்கடத்தின் குரல் பலவீனமாக வந்தது. "போனது போச்சு. இதையாவது வித்தவுட் பிரஜுடிஸ்னு சொல்லிட்டுக் கேளுடா!"

ஜானகிராமன் அப்பாவைப் பார்க்கவில்லை. கொட்டகையையும் பார்க்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் இருந்தவரின் முகத்தை நேராகப் பார்த்து, அந்தத் தோப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"அம்சாவை எனக்குக் கட்டிக் குடுங்க, மாமா."