காலணி ஒரு ஜோடி, விவரம் பின்பக்கம்

1

பெர்லிட்டா அக்காவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், ஜெபம் முடிந்ததும், அவளைப் பற்றி நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஹாங்காங்கில் பிறர் வீடுகளில் பதினேழு வருடம் உழைத்ததையும் அவளுடைய பொறுமையையும் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு நினைவு வந்ததெல்லாம் விமான நிலையத்தில் கிழிந்த ஓர் அட்டைப்பெட்டிக்காக அவள் நின்ற ஒன்றரை மணி நேரம்தான். இறந்த வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தது. "நல்லவள்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்று விழுங்கியதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "திருடனுக்கும் ஒரு தாய் இருப்பாள்..." (அடித்துவிட்டேன். அவன் தாயைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை.)

இரண்டாவது: "சுழலும் பட்டையில் எங்கள் பெட்டி வந்தபோது அதன் ஒரு மூலை..." (இதுவும் வேண்டாம். பெட்டிக்கு முன்னால் ஒரு கால் வர வேண்டும்.)

கால், அக்காவின் மகள் ஜோனலினுடையது. அக்கா வேலைக்குப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. பதினாலாம் வயதில் அக்கா அனுப்பிய ஷூ அவளுக்கு இரண்டு அளவு சின்னதாக இருந்தது. "நான் இன்னும் ஒம்பது வயசுலயே நிக்கிறேன்னு நெனச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டு போனை அப்பாவிடம் கொடுத்தவள், அதற்குப் பிறகு ஒரு வருடம் அக்காவோடு பேசவில்லை.

அக்கா மறுபடி ஊகிக்கவில்லை. அவள் சொன்னபடி எட்கார்டோ அத்தான், மகள் மதியத் தூக்கத்தில் இருந்தபோது பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினார். அந்தக் காகிதத்தோடு அக்கா கடை கடையாக ஏறினாள். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. மூன்று ஞாயிறு ஆனது.

3

விடுமுறைக்கு இருவரும் ஊருக்குப் புறப்பட்டோம். இறங்கிய விமான நிலையத்தில்* பெட்டியின் மூலை கிழிந்திருந்தது. மேலே வேறு டேப். அக்கா அங்கேயே திறந்து பார்த்தாள். சோப்பு, டின் இறைச்சி, துண்டுகள் எல்லாம் இருந்தன. ஷூ இல்லை.

நான் அழுதேன். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு புகார் மேசைக்குப் போனாள்.

"டேப் ஒட்டித்தானே மேடம் இருக்கு?"

"நான் ஒட்டுனது பழுப்பு டேப் சார். இது வெள்ளை. ரெண்டு மணி நேரப் பயணத்துல நரைச்சிடுச்சா?"

"வீட்டுக்குப் போயி நிதானமா எழுதி அனுப்புங்க."

"வாசலத் தாண்டுனா வீட்ல ஒடஞ்சதும்பீங்க. இங்கயே எடை போடுங்க."

நான் சட்டையை இழுத்தேன். "பஸ்ஸு போயிடும்க்கா."

"நாளைக்கும் பஸ்ஸு வரும். நீ மூக்கத் தொடச்சுக்க."

பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்தாள். "விடாதீங்கக்கா. போன தடவ எம்பெட்டியில உள்ளாடைய மட்டும் விட்டு வெச்சிருந்தான். அவனுக்கு சைஸ் சேரல போல."

ஹாங்காங்கில் பெட்டியில் ஒட்டிய சீட்டில் இருபத்துமூன்று கிலோ. தராசில் இருபத்தொன்றே முக்கால். அக்கா அந்த எண்ணை விரலால் காட்டினாள்.

* எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எங்கே கிழித்தார்கள் என்று தெரியாமல் ஓர் ஊரின் தலையில் போடக் கூடாது.

4

அந்த அதிகாரியை இரண்டு வரைவுகளில் வில்லனாக்கினேன். அது ஒட்டவில்லை. வீங்கிய கன்னத்தோடு, பல்வலியில் இருந்த மனிதர். படிவத்தில் "காலணி, 1 ஜோடி" என்று எழுதினார்.

"யாருதுன்னு எழுதுங்க சார்."

"அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

"பின்பக்கம் காலியாத்தானே கெடக்கு?"

பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: "என் மகள் ஜோனலினுக்கு. வெள்ளை, நீல நாடா. மூன்று ஞாயிறு தேடி வாங்கியது." பிறகு கைப்பையிலிருந்த காகிதத்தை வைத்து, ஐந்து விரலும் விடாமல், பாதத்தை வரைந்தாள். அவர்களுடைய பிரதியில் ஒன்று, எங்கள் பிரதியில் ஒன்று.

"மேடம், இது படிவம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முத்திரையை எங்கே குத்துவது என்று தேடி, விரல்மேல் படாமல் ஓரமாகக் குத்தினார். (இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டத் தெரிந்திருந்தால் ஷூவையே திரும்பக் கொண்டுவந்திருப்பேன்.)

5

எங்கள் வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியை எல்லோரும் சுற்றி உட்கார்ந்துதான் திறப்போம். ஒவ்வொரு சாமானிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். பஸ்ஸில் நான் சொன்னேன்: "என் துண்ட ஜோனலின் பேருக்கு மாத்திடலாம்க்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவ அவளுக்குப் பொருந்தாதத குடுக்க மாட்டேன்டி."

அவளை நான் வியந்தது அந்த இடத்தில்தான். மேசையில் யாரும் சண்டை போடலாம். வெறுங்கையோடு பொய்யில்லாமல் வீட்டுக்குள் போக எனக்கு வராது.

சோப்பும் டின்களும் கை மாறின. கடைசியாக, பெயர் ஒட்டிய அந்தப் படிவத்தை மகளிடம் நீட்டினாள்.

6

முடிவு அ: ஜோனலின் செருப்பைக் கழற்றி, வரைந்த பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்தாள். (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம். இது என் ஆசை.)

முடிவு ஆ: "பேப்பரையா மாட்டிக்கிட்டு பள்ளிக்கூடம் போவேன்?" என்றாள். (அவள் வாய்க்குப் பொருந்துகிறது. ஆனாலும் நான் கேட்கவில்லை.)

நான் பார்த்தது இவ்வளவுதான். முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் திருப்பினாள். எழுந்து அறைக்குள் போனாள். அக்காவும் பின்னாலேயே போனாள். கதவு சாத்தப்பட்டது. அரை மணி நேரம். வெளியே வந்த அக்கா, சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதுவரை "வாசகர்" என்று யாரையோ மனதில் வைத்து எழுதினேன். அது பொய். ஜோனலின், இதை முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். அடக்கத்துக்குப் பிறகு உன் அம்மாவின் பெட்டிகளையெல்லாம் பிரித்து அடுக்கியவள் நான். அந்தப் படிவம் எதிலும் இல்லை. உன்னிடம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். அந்த அரை மணி நேரம் என்னுடையது இல்லை. நீ எழுதினால் கதை முடியும். எழுதாமல் வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான். ஒரு வரி மட்டும் தொடங்கி வைக்கிறேன்:

கதவைச் சாத்தியதும் அம்மா என்னிடம்