பாப்பா என்று எழுதிய டப்பா

பெயிண்டருக்குத் தொழிலில் ஒரு கொள்கை உண்டு. எந்த வீட்டில் வேலை முடித்தாலும் கலந்த பெயிண்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்துவிடுவார். அதை ஒரு டப்பாவில் ஊற்றி, மூடியைத் தட்டி இறுக்கி, எந்த வீடு, எந்த அறை என்று மேலே மார்க்கரில் எழுதி எடுத்து வந்துவிடுவார். கலர் ஒரு தடவை கலந்தது கலந்ததுதான், தலைகீழாக நின்றாலும் அதே கலர் மறுபடி வராது என்பார். மூன்று வருஷம் கழித்து, சோபாவை இழுத்ததில் சுவர் கீறிவிட்டது என்று போன் வரும். இவர் டப்பாவோடு போய் ‘டச்சப்’ என்று நாலு இழுப்பு இழுத்துவிட்டு வருவார். கீறல் எங்கே இருந்தது என்று வீட்டுக்காரரே குனிந்து தேடுவார்.

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ‘மிச்சம்’ என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். அவர் மனைவிக்கு அந்தப் பேரில் முழுச் சம்மதம். குடியிருப்பது ஒரே அறை, அதில் ஒரு சுவர் முழுக்க டப்பா அலமாரி. “ஊர்ல இருக்கிறவங்க ஹால், பெட்ரூம் எல்லாம் நம்ம வீட்லதான் இருக்கு. நமக்குத்தான் எதுவும் இல்ல” என்பாள்.

சும்மா சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளும் இல்லை அவள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் லாண்டரியில் வேலை. இரண்டு அறை உள்ள வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க நான்கு வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தாள். பாப்பாவுக்கு ஆறு வயது. அவளுக்கென்று ஒரு ரூம், அதற்கு அப்பா அடிக்கப்போகும் கலர் என்று வீட்டில் தினமும் பேச்சு. பாப்பா ஒரு நாள் மஞ்சள் என்பாள், மறுநாள் நீலம் என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் இருமல் வந்தது. சுவரை வழவழப்பாக்கப் பட்டி தேய்க்கிற தூசி, எல்லாப் பெயிண்டரும் இருமத்தான் செய்வான் என்று மூன்று மாதம் ஓட்டினார். கைக்குட்டையில் ரத்தம் வந்த பிறகு ஓட்ட முடியவில்லை. டி.பி. அதிலும் சாதாரண மருந்துக்கு அடங்காத வகை. ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். ஆள் பிழைப்பானா என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் பத்து மாதம் மருந்து. ஒரு நாளைக்கு ஒரு அட்டை, அட்டையில் நான்கு மாத்திரை. ஒரு மாத மருந்தின் விலை மூன்று மாத வாடகை. வீட்டு அட்வான்ஸ் பணம் முதலில் போனது. அவளுடைய தம்பி சாரப் பைப்பும் ஏணியும் ஏற்றுகிற வண்டி வைத்திருந்தான். அக்கா வாய் திறந்து கேட்பதற்குள் அதை விற்றுவிட்டு, இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனான். “வண்டி எப்ப வேணும்னாலும் வாங்கலாம்க்கா. மாமாவைக் கடையில விக்கிறாங்களா?” என்றான். ஆஸ்பத்திரியில் தாயையும் மகளையும் பரிசோதித்து, இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் நான்கு தடவை வாங்கிப் படித்தார்.

மூன்றாம் மாதத்துக்குள் இருமல் நின்றது, முகத்தில் சதை பிடித்தது. சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஐந்தாம் மாத முடிவில், அதே ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கிருமி திரும்ப வந்திருக்கு. மருந்து தினமும் சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறேன் டாக்டர்.”

“நான் பக்கத்துல நின்னு தண்ணி குடுக்கறேன்” என்றாள் மனைவி. வாரத்தில் ஐந்து நாள் அது உண்மை. வியாழனும் ஞாயிறும் அவளுக்கு விடியற்கால ஷிப்ட். அந்த நாட்களில் அட்டையைத் தண்ணீர்ச் சொம்பின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிந்திருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்ப்பது அவர் தொழில்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

“அப்படின்னா இந்த மருந்து கேக்கலன்னுதான் அர்த்தம்” என்றார் டாக்டரம்மா. “சளியைப் பெரிய லேபுக்கு அனுப்பறேன். ரிசல்ட் வந்ததும் அனேகமா ஊசி மருந்துக்கு மாத்தணும். அது இதை மாதிரி மூணு மடங்கு செலவு. இப்பவே தயார் பண்ணிக்குங்க. அது வரைக்கும் வீட்லயும் மாஸ்க் போடுங்க, தனியாப் படுங்க.”

சாயங்காலம் தம்பி வந்தான். மாமா வெளி வராந்தாவில் படுத்திருந்தார். இவன் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தி, “மாமாவோட சாரப் பைப்பை வித்துடலாம்க்கா” என்றான். அதை விற்றால் நாளை இவர் எழுந்து வந்தாலும் மாடி வீட்டு வேலை எதையும் எடுக்க முடியாது. தெரிந்துதான் சொன்னான். அப்படியும் பாதிக்குக்கூடக் காணாது. அவள் மனசு விட்டுப்போனது. இனிமேல் விற்க என்ன இருக்கிறது என்று அலமாரியைக் குடைய ஆரம்பித்தாள். ஸ்பிரே மெஷின், நல்ல பிரஷ்கள், திறக்காத ஒரு வாளி பிரைமர்.

மேல் தட்டில், டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு லிட்டர் டப்பா. மூடியில் ‘பாப்பா’ என்று அவர் கையெழுத்து.

வீடே இல்லை, அட்வான்ஸ் கரைந்து ஐந்து மாதமாகிறது, இந்த மனுஷன் பாப்பா ரூமுக்குக் கலர் கலந்து வைத்திருக்கிறார். மஞ்சளா, நீலமா என்று பார்க்கத்தான் ஸ்குரூடிரைவரால் மூடியை நெம்பினாள்.

உள்ளே மாத்திரை அட்டைகள். சீராக அடுக்கி, நடுவில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. இருபத்தாறு.

டப்பாவோடு வராந்தாவுக்குப் போனாள். அவர் எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார்.

“என்ன இது?”

“எனக்குத்தான் நல்லாயிடுச்சே. இருமல் இல்ல, ஒண்ணும் இல்ல.” டப்பாவைப் பார்த்தபடியே, “பாப்பாவுக்கு ஒட்டிக்கிச்சுன்னா? உனக்கு வந்துச்சுன்னா? வண்டி ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் வித்தாச்சு. இன்னொரு தடவை எங்க போய் வாங்கறது? அதான், வாரத்துக்கு ரெண்டு…” என்றார்.

“டச்சப்புக்கா?”

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த டப்பாவை அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். ஆனால் மூடியில் இருந்த எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பின்னாலேயே வந்த தம்பி உள்ளே போய், பாப்பா பார்க்காதபடி கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் டாக்டரம்மாவின் மேஜையில் டப்பாவைக் கவிழ்த்தாள். பெயிண்டர் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். டாக்டரம்மா அட்டைகளை எண்ணி, தேதிகளைப் பார்த்து, நிமிர்ந்தார். திட்டப்போகிறார் என்று இரண்டு பேரும் தயாராக இருந்தார்கள்.

“உங்க பொண்ணுக்கு நல்லது பண்றதா நினைச்சு இந்தக் கிருமிக்கு வாரத்துல ரெண்டு நாள் லீவு விட்டிருக்கீங்க” என்றார். “இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டா இந்த மருந்துக்கும் அது பழகிடும். அதுக்கப்புறம் அது உங்க பொண்ணுக்கு வந்தா, இந்த டப்பாவுல இருக்கிறது சாக்பீஸ் மாதிரிதான். பழகிடுச்சா இல்லையான்னு லேப்தான் சொல்லணும். அது வரைக்கும் இதையே சாப்பிடுங்க, தினமும்.”

பதினாறு நாள் காத்திருந்தார்கள். அந்தப் பதினாறு நாளும் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பாப்பா கதவோரம் நின்று பேசினால் மட்டும் வராந்தாவிலிருந்து பதில் வரும். தம்பி பைப் வாங்குகிறவரிடம் இன்று நாளை என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஒரு சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. கிருமி இந்த மருந்துக்கு இன்னும் அடங்குகிறது. ஊசி வேண்டாம், பைப்பை விற்க வேண்டாம். ஆனால் சாப்பிட்ட ஐந்து மாதமும் கணக்கில் சேராது. நாளையிலிருந்து முதல் நாள், பத்து மாதம். டப்பாவில் மிச்சம் இருப்பதும் கெட்டுப்போகவில்லை, முதலில் அதைத் தீர்க்கலாம் என்றார்கள்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமாக நாலரைக்கே கிளம்புகிறவள் அன்று கிளம்பவில்லை. ஏழு மணிக்கு அவரை எழுப்பி, சொம்பையும் ஒரு அட்டையையும் வராந்தாவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவர் மூன்று மாத்திரை விழுங்கினார். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு கதவு வழியாக உள்ளே பார்த்தார். பாப்பா அலமாரி ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அவளுக்குன்னு எதுவுமே மிச்சம் இல்லாமப் போச்சே” என்றார்.

“அவளுக்கு ஏதாவது மிச்சம் வெக்கணும்னா உங்களை வைங்க.”

அவர் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் இறக்கி, நான்காவதையும் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவள் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்.

லாண்டரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். இது நாள் வரை அவள் வாங்கிய மருந்திலேயே மலிவானது அதுதான்.