வேட்டைக்காரக் கண்

பக்கத்து வீட்டு டிரைவிங் மாஸ்டருக்கு மனித வரலாறு முழுதும் ஒரே நாளில் தெரிய வந்தது. போனில் வந்த வீடியோ உபயம். ஆண் லட்சம் வருஷம் வேட்டையாடினானாம். பெண் அத்தனை காலமும் பழமும் கிழங்கும் பொறுக்கினாளாம். அதனால் ஆணின் பார்வை ஈட்டி மாதிரி நேரே போகும், பெண்ணின் பார்வை பாய் மாதிரி விரியும். அன்றிலிருந்து மாஸ்டர் வீட்டில் எந்தப் பொருளையும் தேடுவதில்லை.

"சர்க்கரை டப்பா எங்கே?"

"உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு."

"பக்கத்துல இருக்கிறது எனக்குத் தெரியாதுடி. என் தப்பில்ல. லட்சம் வருஷத்து அமைப்பு."

"லட்சம் வருஷமா எடுத்துக் கொடுத்தவளைப் பத்தி வீடியோ ஒண்ணும் வரலையா?"

நான் ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் மெல்லிசு, அவ்வளவுதான்.

மாஸ்டரம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். கணவர் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டு வந்தால், ஊசியை விடாமலே திட்டுவார். "வேட்டையில காயம் படாதவன் யாரு?" என்பார் மாஸ்டர். இதையெல்லாம் சுவர் வழியாக மட்டும் கேட்டால் போதுமா? எனக்குக் கார் கிடையாது, வாங்கும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் அவருடைய காலை வகுப்பில் சேர்ந்தேன்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம். காரில் இரண்டு பேரை ஏற்றுவார். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்சீட்டில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். எனக்குப் பின்சீட்டுதான் பிடித்திருந்தது. என்னோடு சேர்ந்தவள் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் பெண். லைசென்ஸ் கிடைத்தால் கம்பெனி வேன் கொடுக்கும், மழையில் நனைய வேண்டாம் என்று வந்திருந்தாள்.

"ரிவர்ஸ் எடுக்கிறது பொம்பளைங்களுக்கு வராதும்மா," என்று தொடங்குவார் மாஸ்டர். "குறி பார்க்கிற புத்தி வேணும்."

"நான் தினம் அறுபது வீடு குறி பார்த்துத்தான் போறேன் மாஸ்டர்."

"அது பொறுக்கிற வேலை. வீடு வீடா."

"நான் எங்க பொறுக்கறேன்? கொடுத்துட்டுல்ல வரேன்."

பின்சீட்டில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் அடுத்த பாடம் எனக்குத்தான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், கடைத்தெரு முனையில் அவர் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்ப வேண்டியிருந்தது. "திரும்பு, காலியாத்தான் இருக்கு," என்றார். அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் தொடவில்லை. அவள்தான் தன் பிரேக்கை மிதித்தாள். நான் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டேன்.

"ஏம்மா நிறுத்தின?"

"ஏணி, மாஸ்டர்."

"எந்த ஏணி?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் ஜன்னலை யாரோ தட்டினார்கள். சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்த பெயின்டர். ஏணியின் முனை கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த ஆள் சொன்னதை எழுத முடியாது. மாஸ்டர் வாயைத் திறந்து, வேட்டைக்காரன் நேராகப் பார்க்கிறவன் என்பதை எங்களுக்கு இன்னொரு முறை விளக்கினார்.

 அந்தப் பெண் வண்டியை ஓரம் கட்டினாள். "மாஸ்டர், எதிர்க்கடை போர்டை மட்டும் பாருங்க. கண்ணைத் திருப்பக் கூடாது. கை எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க. அக்கா, நீங்க அந்தப் பக்கம் நீட்டுங்க."

அவள் ஒரு காதோரம், நான் மறு காதோரம் கையை வைத்து மெல்ல முன்னே கொண்டு போனோம். மாஸ்டர் போர்டை உரக்கப் படித்தார். கடையின் பெயர், விற்கும் சாமான், போன் நம்பர் வரை ஒரு எழுத்துப் பிழை இல்லை. எங்கள் இரண்டு கையும் அவர் மூக்குக்கு முன்னால் கிட்டத்தட்டக் கைகுலுக்கும் நிலைக்கு வந்தபோதுதான், "ஆங், தெரியுது," என்றார்.



"ஆம்பளைக் கண்ணு அப்படித்தான்," என்றார். குரலில் வழக்கமான கெத்து இல்லை.

"எங்கப்பாவும் ஆம்பளைதான் மாஸ்டர். அவருக்கு ஓரத்துல வர்றதும் தெரியும்."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "இருபத்தி மூணு வருஷமா இதே சீட்டு. இதை விட்டா எனக்கு என்ன தெரியும்? வீட்டுல சொல்லிடாதீங்க."

என்னைப் பற்றித் தெருவில் என்ன பேச்சு என்று எனக்குத் தெரியும். அன்று அந்தப் பெயரை நான் கெடுத்துக்கொள்ளவில்லை. கார் நின்றதும் நேரே மாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷமா திட்டிக்கிட்டே இருந்திருக்கேனே," என்றார். 

மறுநாள் கண் டாக்டரிடம் பஸ்ஸில் போனோம். துணைக்கு என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். இனி வண்டி கூடாது.

"சொல்லிக் கொடுக்கலாமா?"

"காருக்கு வெளியில நின்னு சொல்லிக் கொடுங்க. ஏன் இவ்வளவு நாள் வரலை?"

மாஸ்டர் வீடியோவைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"பரம்பரையா வரலாம். உங்க அப்பாவுக்கு எப்படி?"

"அவரும் எதையும் தேடி எடுக்க மாட்டார். கடைசியில சைக்கிளோட சாக்கடையில விழுந்தார். குடிச்சிருப்பார்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவர் குடிக்கிறவர் இல்ல."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அக்கா. பொம்பளை, அவளுக்கு ஒண்ணும் இருக்காது."

மாஸ்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "அண்ணி போன தடவை வந்தப்ப ரெண்டு டம்ளரைத் தட்டி விட்டாங்க. கதவுல இடிச்சுக்கிட்டாங்க. 'கவனமே கிடையாது, சின்ன வயசுலேர்ந்தே இவ இப்படித்தான்'னு நீங்கதானே சொன்னீங்க."

 வெளியே வந்ததும் மாஸ்டர் மனைவியிடமிருந்து போனை வாங்கி அக்காளைக் கூப்பிட்டார். அக்காள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"எனக்கென்னடா கண்ணுக்கு? நான்தான் கவனமில்லாதவளாச்சே. நீதான் ஊருக்கே சொல்லி வச்சிருக்கியே."

"இல்லக்கா." சுவரில் கை வைத்துக்கொண்டார். "நீ கவனமாத்தான் இருந்திருக்க. நாளைக்கே டாக்டர்கிட்டப் போ."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்துவிட்டது. நான் இன்னும் ஓரடி கிட்டப் போனேன். போனில் அக்காள் அழுதுகொண்டிருந்தார்.