மூன்றாம் ஓலைக்கு ஓர் ஆட்சேபம்

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தன் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை. இதை அவரே சொல்லியிருப்பதால் நம்பத்தான் வேண்டும். அவர் மனைவி இருபத்தெட்டு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு வேறு வேலை எதுவும் இல்லை. சமையல், துணி, மகள், அப்புறம் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசை, இவ்வளவுதான்.

திருச்சபையில் அவர் மூப்பர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'நியாயத்தீர்ப்பு' என்று பெயர். 'நியாயத்தீர்ப்பு வர்றாரு, சிரிக்காத' என்று பாடகர் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

"பாவத்துல சின்னது பெரிசு கிடையாது. ஒரே ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் லிஃப்டுக்கு நான் சான்றிதழ் தரமாட்டேன். பரலோகத்துக்கும் அதே விதிதான்" என்பார். பரலோகத்துக்கு லிஃப்டில்தான் போகிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

"அப்போ பேங்கைக் கொள்ளையடிச்சவனும், 'டாக்டர் கிளம்பிட்டார்'னு சொல்ற நானும் ஒண்ணா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். டாக்டர் குளித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கிளம்பிவிட்டதாகச் சொல்வது வரவேற்பு மேசையின் அன்றாடக் கடமைகளில் ஒன்று.

"ஒண்ணுதான்."

"அவனுக்காவது பணம் கிடைச்சுது."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு அவள் குறைந்தது முப்பது பொய் சொல்வதாக ஏற்கெனவே கணித்து வைத்திருந்தார். மனைவி நரகத்தின் அக்கினிக் கடலுக்குப் போவது உறுதி என்று தெரிந்தும் தினமும் அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அந்த அளவுக்கு நல்ல கணவர்.

இப்படிப்பட்டவருடைய மகள் போய் யாரைக் காதலிக்க வேண்டும்? பொய்ப்பல் செய்கிறவனை. பல் மருத்துவமனைகளுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவனுக்கு வேலை. அதே சபைதான், ஆள் கெட்டிக்காரன், குடி கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். இன்ஸ்பெக்டர் எவ்வளவு தேடியும் குறை கிடைக்காததால், வேறு வழியின்றிச் சம்மதித்தார். கொடுத்த வாக்கை அவர் மீறமாட்டார். கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை வெளிநாட்டு வேலையில் சேர வேண்டும். மகள் மனைவியாகப் போனால்தான் விசா. கல்யாணம் தள்ளிப்போனால் அவன் தனியாகப் போவான். திரும்பிவர இரண்டு வருடம்.

சம்மதம் சொன்ன வாரமே மாப்பிள்ளையை இரவு உணவுக்கு அழைத்தார்கள். அன்றைக்கு மனைவிக்குக் கடுமையான சளி, காய்ச்சல். மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் காய்கறி சூப் வைத்தாள். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. இன்ஸ்பெக்டர் சமையலறைக்குள் வந்து, "நீ உட்காரு, நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கிண்ணங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. மறுநாள் அவள் தங்கைக்குப் போன் போட்டு இதைச் சொன்னாள். "காய்ச்சல்ல உனக்கு அப்படித் தோணியிருக்கும்" என்றாள் தங்கை.

மேசையில் இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையைக் கேட்டார். "உப்பு எப்படி இருக்கு?"

"அளவா இருக்கு மாமா" என்றான் அவன். கிண்ணத்தைக் காலி செய்தான். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான்.

அவன் போன கையோடு இன்ஸ்பெக்டர் பாத்திரம் துலக்கும் இடத்துக்கே வந்து தீர்ப்பு வழங்கினார். "அவன் பொய்யன். அவன் குடிச்சது கடல் தண்ணி. அளவா இருக்குன்னு வாய் கூசாம சொல்றான்."

அவளுக்குக் கை நின்றுவிட்டது. "அவ்வளவு கரிச்சுதா? எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க."

"எனக்கு நல்லா இருந்துதும்மா" என்றாள் மகள். மகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து உப்பைச் சிட்டிகையில் போடுவதை விட்டு, ஸ்பூனில் எடுத்து, கத்தியால் வழித்து, அதிலும் பாதியைத் திரும்பக் கொட்டிவிட்டுச் சமைத்தாள். வீட்டுச் சாப்பாடு மருத்துவமனைச் சாப்பாடானது. இன்ஸ்பெக்டர் வாயே திறக்காமல் சாப்பிட்டார்.

ஓலை வாசிப்பு ஆரம்பமானது. கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஆராதனையில் வாசித்து, 'தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம்' என்று போதகர் கேட்பார். யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் சபையார் இருமிக்கொள்வார்கள், அவ்வளவுதான். முதல் ஓலை போனது, இரண்டாம் ஓலையும் போனது. மூன்றாம் ஞாயிறு காலை, அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்.

"இன்னிக்கு நான் எழுந்து நிக்கப் போறேன்."

"எல்லாரும்தான் நிப்பாங்க, பாட்டுக்கு."

"ஆட்சேபம் சொல்ல. தெரிஞ்சும் கடவுள் சந்நிதியில வாயை மூடிட்டு இருந்தா அதுவும் பொய்தான். அவன் மனந்திரும்ப ரெண்டு வாரம் அவகாசம் கொடுத்தேன். திரும்பல."

"அவகாசம் கொடுத்ததை அவர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. கடவுளும் சொல்லிவிட்டுக் கொடுப்பதில்லையாம்.

"என்னங்க, ஒரு சூப்புக்காகவா? உங்க பொண்ணுங்க!"

"சூப்பு சின்னதுதான். பொய்யில சின்னது கிடையாது."

ஆலயத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் தனக்குத் தெரிந்த அத்தனை ஜெபங்களையும் செய்தாள். அவருக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று.

தொண்டை கட்டவில்லை. போதகர் கேட்டு முடிக்கும் முன்பே அவர் எழுந்து நின்றார். "எனக்கு ஆட்சேபம் இருக்கு." இருமிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். மகள் தாயின் கையைப் பிடித்தாள்.

ஆராதனை முடிந்ததும் ஐந்து பேரும் ஆலயத்தின் பக்க அறையில் உட்கார்ந்தார்கள். போதகர் அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, பதிவேட்டில் யாரும் ஒருநாளும் திறந்திராத பக்கத்தைத் தேடி எடுத்தார். ஆட்சேபிப்பவர், காரணம், சாட்சி என்று கட்டங்கள் இருந்தன.

"காரணம் சொல்லுங்க மூப்பரே. மாப்பிள்ளைக்கு வேற சம்சாரம் ஏதாச்சும்?"

"சூப்பு" என்றார் இன்ஸ்பெக்டர்.

முழுக்கதையையும் கேட்ட போதகர் பேனாவைக் கீழே வைத்தார். "பொய் சொன்னவங்களுக்குக் கல்யாணம் கிடையாதுன்னா, இந்த ஆலயத்துல நான் ஒரு கல்யாணமும் நடத்தியிருக்க முடியாதே."

"அது உங்க கணக்கு ஐயா. நான் கேட்கறது ஒண்ணுதான். பொய் சொன்னானா இல்லையா?"

மாப்பிள்ளை எழுந்து நின்றான். "சொன்னேங்க ஐயா. வாயில வைக்க முடியல. ஆனா அத்தை காய்ச்சலோட நின்னு சமைச்சாங்க, அடுப்படி வாசல்ல நின்னு என் முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. மறுபடியும் கேட்டாலும் அளவா இருந்துதுன்னுதான் சொல்லுவேன்."

"பார்த்தீங்களா! மனந்திரும்பல" என்றார் இன்ஸ்பெக்டர், வழக்கு ஜெயித்த முகத்தோடு.

போதகர் பெருமூச்சு விட்டார். ஆட்சேபணையை எழுதிக்கொண்டால் விசாரணைக் குழு கூட வேண்டும். குழு கூட ஒரு மாதம். "சாட்சின்னு யாராச்சும் வேணும். நீ குடிச்சியாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"குடிச்சேன் ஐயா. நல்லாத்தான் இருந்துது. அன்னிக்கே சொன்னேன், யாரும் கேட்கல."

"அவ அவனைக் காப்பாத்தப் பார்க்கறா" என்றார் தகப்பன்.

அவள் மகளைப் பார்த்தாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. ஆனால் பொய் சொல்லும்போது மகளுக்குக் காதுதான் சிவக்கும், குழந்தையிலிருந்தே. காது சிவக்கவே இல்லை. அப்படியானால்? பாத்திரம் ஒன்று, கரண்டி ஒன்று. ஒரு கிண்ணம் மட்டும் எப்படிக் கரிக்கும்?

"என்னங்க" என்றாள் அவள். "அவர் கிண்ணம் கரிச்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுல வாய் வச்சீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரிந்த மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் சுலபமாகத் தப்பித்திருப்பார், பழக்கம் இல்லை.

"நான்தான் போட்டேன்."

"எதை?"

"உப்பை. தட்டுல வச்சுக் கொண்டுபோகும்போது. அவன் கிண்ணத்துல மட்டும்."

"எவ்வளவு மாமா?" என்றான் மாப்பிள்ளை, தொழில்முறை ஆர்வத்தோடு.

"ரெண்டரை ஸ்பூன்." போதகரின் பக்கம் திரும்பி அவசரமாகச் சொன்னார்: "லிஃப்டை அப்படித்தாங்க பார்ப்போம். தாங்கற எடைக்கு மேல ஏத்திப் பார்த்தாதான் பிரேக் நிக்குதா இல்லையான்னு தெரியும்."

"மூப்பரே, மனுஷனை வலை விரிச்சுச் சோதிக்கிறது யாரோட வேலைன்னு ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களைக் கேட்டாலே சொல்லும். அவருக்குக் கொம்பு உண்டு, வால் உண்டு. கடவுள் இல்லை."

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல."

"சொல்லல" என்றாள் அவள். குரல் உயரவில்லை. வரவேற்பு மேசையில் முப்பது பேரைச் சமாளிக்கும் அதே குரல். "மூணு வாரமா நான் உப்பைக் கத்தியால வழிச்சு வழிச்சுப் போட்டேன். பார்த்துக்கிட்டே சாப்பிட்டீங்க. என் கைப்பக்குவம் போயிடுச்சு, வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க அந்தத் தட்டைத் தூக்கினதை என் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேங்க, என் புருஷன் எனக்காக அடுப்படிக்கு வந்தாருன்னு."

இன்ஸ்பெக்டர் தன்னுடைய விதிப்புத்தகத்தை மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. எந்தப் பக்கத்திலும் அவருக்கு விலக்கு எழுதியிருக்கவில்லை. எழுதியவர் அவரே அல்லவா.

"உங்க விதிப்படியே வச்சுக்குவோம்" என்றார் போதகர். "மாப்பிள்ளைக்கும் அக்கினிக் கடல், உங்களுக்கும் அக்கினிக் கடல். அங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கப்போறீங்க. மாமன் மருமகனா போய்ச் சேர்ந்தா பேச்சுத்துணைக்காவது ஆகும். இல்ல, மன்னிப்புன்னு ஒண்ணு இருக்கறதை ஒத்துக்கிட்டா, ரெண்டு பேருமே போக வேண்டாம். பிரசங்கத்துல வாராவாரம் அதைத்தான் சொல்றேன். நீங்க முன்வரிசையில உட்கார்ந்து நான் எத்தனை நிமிஷம் பேசறேன்னு கடிகாரத்தைப் பார்ப்பீங்க."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "ஆட்சேபணையைத் திரும்ப வாங்கறேன்னு எழுதறேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே?"

"உண்மையை எழுதுங்க. உங்களுக்குக் கைவந்த கலைதானே."

அவர் நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். 'ஆட்சேபிப்பவர் தகுதியற்றவர்.' கீழே கையெழுத்து, தேதி. சான்றிதழில் போடுவது போலவே நேரத்தையும் குறித்திருந்தார்.

மகள் மாப்பிள்ளையின் தோளில் முகம் புதைத்து மறுபடி அழ ஆரம்பித்தாள். அவன் போதகரிடம், "அப்போ சனிக்கிழமை ஐயா?" என்றான். "சனிக்கிழமைதான். விருந்துல உங்க மாமாவை மட்டும் பரிமாற விடாதீங்க" என்றார் போதகர்.

இன்ஸ்பெக்டர் மனைவியிடம் வந்து நின்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் சொல்லிப் பழகாத வார்த்தை அது. "என்னை மன்னிப்பியா?"

'சரி விடுங்க' என்று அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வரவேற்பு மேசைப் பழக்கம். அதை விழுங்கினாள்.

"இப்ப இல்ல. சனிக்கிழமை வரைக்கும் எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு. அதுக்கப்புறம் உட்கார்ந்து யோசிக்கறேன். உண்மையைத்தானே கேட்டீங்க?"

"ஆமா" என்றார் அவர் ஈனஸ்வரத்தில்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் வேகமாக முந்திப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது எதுக்கு?"

"சும்மாதான்" என்றவர், உடனே தலையை ஆட்டினார். "இல்ல, சும்மா இல்ல. நீ என்கூடப் பேசாமலே இருந்துடுவியோன்னு பயமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"பயப்படுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வெயிலில் இறங்கினாள்.